புது பஸ்ஸின் முதல் பல்

எங்கள் ஊருக்கு விட்ட புது பஸ்ஸுக்கு மூன்றாம் வாரமே பல் முளைக்கத் தொடங்கிவிட்டது. புதிதாக எதையும் தொடங்கும்போது வரும் சங்கடங்களை ஆங்கிலத்தில் பல் முளைப்பது என்றுதான் சொல்வார்கள். டிப்போவில் அதற்கென்று மஞ்சள் படிவமே இருக்கிறது. சாரதி என்ற முறையில் நானே நிரப்பிக் கொடுத்தேன்.

முதலில் உடம்பு சுட்டது. பிறகு முன்பக்கமெல்லாம் வீணீர் வடிந்தது. சந்திப் பெயர்ப்பலகையைக் கடித்துத் துப்பியது. மதகு வரை போகும், அதற்கப்பால் நகராமல் நின்று அழும். பதினொரு வருடம் மனுக் கொடுத்து வாங்கிய பஸ். திங்கட்கிழமைக்குள் ஒழுங்காக ஓடாவிட்டால் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவேன் என்று டிப்போ முகாமையாளர் சபாநடேசன் சொல்லிவிட்டார். அதை எப்படி விட்டுக்கொடுப்பது? அதன்மேல் அவ்வளவு ஆசை வைத்துவிட்டேன்.

தினமும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நேர்ஸ் ரஞ்சிதமலர் பம்பரைத் தூக்கி ஈறைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு பல்லு வெளியால வந்திட்டுது. இன்னும் கொழுக்கட்டை கொட்டேல்லையோ?"

"இல்லை மிஸி."

வெட்கமாகப் போய்விட்டது. கோயிலில் பூசை செய்தோம், சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்தோம். பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் தலையில் கொட்டும் பல்லுக்கொழுக்கட்டை மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாயிறு காலை ஊரே கூடி மாவிடித்தது. ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் குத்தினோம். பஸ்ஸின் தலையில் வெள்ளை வேட்டியை விரித்து, தாய்மாமன் முறைக்கு முகாமையாளரே ஏணியில் ஏறிக் பனையோலைக் கடகம் கடகமாகக் கொட்டினார். நடுவில் மூன்றை வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிறகு வழக்கப்படி முன்னால் பொருட்களைப் பரப்பினோம். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் வருங்காலம். புத்தகம், காப்பு, தராசு, ரஞ்சிதமலரின் ஸ்டெதஸ்கோப், என் பங்குக்கு பஸ் பாதை காட்டும் ஒரு வீதிப்படம். அது வீதிப்படத்தை எடுக்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பஸ் மெல்லத் தவழ்ந்து வந்து, படத்தைத் தாண்டிப் போய், ஸ்டெதஸ்கோப்பைக் கவ்வியது.

"அப்ப டொக்டர்தான்," என்று சபாநடேசன் படிவத்தில் எழுதினார். "இனி ஊர் மாத்தேலாது. படிக்கிற பிள்ளையைக் குழப்பக் கூடாது."

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நகரத்து மருத்துவபீடத்துக்குப் போகிறது. எட்டு மணிக்கு முதல் வகுப்பு என்பதால் ஒருநாளும் பிந்தியதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நேற்றுத் திரும்பி வரும்போது என் நாடியைப் பிடித்துப் பார்த்தது. பிரஷர் கூடவாம். என்னைக் கடைசி சீட்டில் படுக்கவைத்துவிட்டு, மிச்சத் தூரத்தை அதுவே ஓட்டி வந்தது.