சம்பந்திகள் ஓடிய ஒரு மைல்

பல் டாக்டருக்கு ஐம்பத்தாறு வயதில் ஓட்டத்தின் மேல் ஆசை வந்தது. சர்க்கரை என்றோ கொழுப்பு என்றோ யாரும் அவரைப் பயமுறுத்தவில்லை. ஒருநாள் கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்தினார், பிடித்தும் விட்டார். படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, நமக்கு இது வரும் போலிருக்கிறதே என்று தோன்றியது. மறுவாரமே கிளிப்பச்சை நிறத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கிவிட்டார்.

சில மாதங்களில் ஒரு மைலை ஒன்பதரை நிமிடத்தில் ஓட வந்தது. கிலோமீட்டர் இருக்கும்போது மைல் எதற்கு என்று கேட்டால், மைலில்தான் ஒரு கம்பீரம் இருக்கிறது என்பார். எல்லாம் சரி, இந்த ஒன்பதரை வேகமா, இல்லையா? அது தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இணையத்தில் தேடினார். புதிதாக ஓடுகிறவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகலாம் என்று இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வாடிக்கையாக ஓடும் சாதாரண ஜனங்களுக்கு ஒன்பது, பத்து ஆகும் என்று அடுத்த வரி. தலையை ஆட்டிக்கொண்டார். வேகமாக ஓடுகிறவர்கள் ஏழு நிமிடத்துக்குள் என்று மூன்றாவது வரி ஆரம்பித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அதன் பிறகு கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் கேட்கத் தொடங்கினார். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு, கன்னத்துக்குள் பஞ்சோடு படுத்திருப்பவர்களிடம்தான் கேட்பார்.

"ஒரு மைலு, ஒன்பதரை நிமிஷம். என் வயசுக்கு இது வேகம்தானே?"

"ஆ... ஆ..."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

கிளினிக் நர்ஸ் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "டாக்டர், கையில மிஷினைச் சுத்தவிட்டுக்கிட்டுக் கேட்டா யாருதான் இல்லைன்னு சொல்லுவாங்க?"

வீட்டில் மனைவியிடம் கேட்டார். அந்தம்மா நூலகர். மொட்டையாக ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"எதுக்கு வேகம்?"

"பொதுவா."

"பொதுவா வேகம்னு ஒண்ணு கிடையாதுங்க. நாய் துரத்தினா இது பத்தாது. எருமை துரத்தினா போதும்."

டாக்டர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் சாப்பாடு. மகள் வீடு என்றால் சம்பந்தி வீடு. மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் இருந்தார்கள். சம்பந்தி டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று நாள் முழுக்கக் கத்துவதால் ஊரில் அவருக்குக் கிளட்ச் சார் என்றே பெயர். மரியாதையில் ஒரு குறையும் வைக்காத மனிதர். டாக்டர் தும்மினால்கூட எழுந்து நிற்பார். ஒரே ஒரு பலவீனம்: பேச்சில் மட்டும் யாருக்கும் ஒரு படி கீழே இறங்க மாட்டார்.

சாப்பாட்டுக்கு நடுவே டாக்டர் நைஸாகப் பேச்சை அந்தப் பக்கம் தள்ளினார். "இப்பல்லாம் காலையில ஒரு மைல் ஓடறேன் சம்பந்தி. ஒன்பதரை நிமிஷத்துல முடிஞ்சுடுது."

கிளட்ச் சார் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "அப்படியா? பரவாயில்லையே! நான் ஒரு எட்டுல வந்துடுவேன்."

கிளட்ச் சார் கேட்டுக்குப் போய்க் கடிதம் எடுத்துவருவதற்கே யோசிப்பவர் என்பது அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சம்பந்தி முன்னால் யார் வாய் திறப்பார்கள்?

"அப்போ ஒருநாள் சேர்ந்து ஓடுவோமே" என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பல் மட்டும்தான் சிரித்தது.

"தாராளமா! சும்மா, விளையாட்டா!" என்றார் கிளட்ச் சார். மாதக் கடைசி ஞாயிறு என்று முடிவாயிற்று.

திரும்பி வரும்போது காரில் டாக்டர் புலம்பித் தீர்த்தார். "பரவாயில்லையாம்! எட்டு மாசமா நாக்குத் தள்ள ஓடியிருக்கேன், பரவாயில்லையாம்!"

"காரை மெதுவா ஓட்டுங்க" என்றார் மனைவி. "இதுக்கு யாரும் டைம் பார்க்கல."

மறுநாளே சம்பந்தியம்மாளிடமிருந்து டாக்டரின் மனைவிக்குப் போன் வந்தது. "என்னத்தைச் சொல்ல சம்பந்தி, வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டார் இவர். விடியறதுக்குள்ள எழுந்து டிரைவிங் பழகுற மைதானத்துல ஓடறார். எட்டு போட வெச்சிருக்கிற கம்பத்தைச் சுத்திச் சுத்தி ஓடி, தலை சுத்தி உட்கார்ந்துட்டார். தைலம் தேய்ச்சே என் கை ஓய்ஞ்சு போச்சு."

"இங்க மட்டும் என்ன? கழுத்து வலிக்குதுன்னு படுத்திருக்கார். ஓடறவருக்குக் கழுத்து ஏன் வலிக்கணும்னு கேட்டா, அது ஒரு டெக்னிக்காம்."

இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். புருஷன்மார்களிடம் மூச்சுவிடுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மகள் கிளினிக்குக்கு வந்து நோயாளி நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தாள்.

"பல்லு வலியாம்மா?"

"இல்லப்பா. ஞாயித்துக்கிழமை நீங்க தோத்துடுங்க."

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னது?"

"மாமா ஜெயிச்சா ரெண்டு நாள் அதையே பேசுவார். தோத்தா ரெண்டு மாசம் பேசவே மாட்டார். அந்த வீட்ல இருக்கிறது நான்தானே?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். மகள் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். சொன்ன பிறகு, தன் பெருந்தன்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

அதே நாள், டிரைவிங் ஸ்கூல் காரில், மாப்பிள்ளை தன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தான். "அப்பா, அவருக்கு விட்டுக்குடுத்துடுங்க."

"எதுக்குடா?"

"எனக்கு ரூட் கெனால் பாதியில நிக்குது. அடுத்த வாரம் அவர்கிட்டதான் வாயைத் திறக்கணும்."

கிளட்ச் சார் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே யோசித்தார். பிள்ளைக்காக அப்பன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? இந்த இரண்டு பேச்சும் வெவ்வேறு இடத்தில் நடந்தன. புருஷன் கேட்டது பெண்டாட்டிக்குத் தெரியாது, பெண்டாட்டி கேட்டது புருஷனுக்குத் தெரியாது.

ஞாயிறு காலை எல்லோரும் விளையாட்டு மைதானத்தில் கூடினார்கள். நான்கு சுற்று ஓடி, மேலே முப்பதடி போனால் ஒரு மைல். சம்பந்தியம்மாள்கள் நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்கள். மகள் போனில் நேரம் பார்க்க நின்றாள். கிளட்ச் சார் புத்தம்புது டிராக் சூட்டில் வந்திருந்தார். விலைச்சீட்டு பின்கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"ரெடி, ஓடுங்க!" என்றாள் மகள்.

இருவரும் அசையவில்லை.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி."

"சேச்சே, நீங்க பெண்ணைக் குடுத்தவங்க, நீங்க போங்க."

"அப்படிப் பார்த்தா நீங்க எங்க பெண்ணை வெச்சுக் காப்பாத்துறவங்க."

கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று மகள் கத்திய பிறகுதான் கிளம்பினார்கள். முதல் சுற்றில் டாக்டர் நிதானமாக ஓடினார். கிளட்ச் சார் அதைவிட நிதானமாக ஓடினார். டாக்டர் ஓட்டத்தைக் குறைத்தார். அவரும் குறைத்தார். டாக்டர் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்தால், கிளட்ச் சாரும் பக்கத்தில் குனிந்து, "அழகா முடிச்சுப் போடறீங்களே" என்று பாராட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது சுற்றில் இருவரும் முழங்காலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்தார்களே தவிர, தரை நகரவில்லை. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் போனில் பேசியபடியே அவர்களைத் தாண்டிப் போனாள்.

"இவர் என்ன, தோத்தே தீருவேன்னு நிக்கிறார்?" என்று டாக்டருக்கு எரிச்சல் வந்தது. கிளட்ச் சாருக்கும் அதே எரிச்சல். தோற்பது இவ்வளவு கஷ்டம் என்று இருவருக்குமே அதுவரை தெரியாது. மூன்றாவது சுற்று முடிவதற்குள் டாக்டருக்குக் கொட்டாவியே வந்துவிட்டது.

அப்போது பின்னால் விசில் சத்தம் கேட்டது. சின்னப் பெண்கள் பத்துப் பதினைந்து பேரை ஓடவிட்டுப் பழக்கிக்கொண்டிருந்த பயிற்சியாளர், இளம்பெண், ஓடி வந்து மிகப் பணிவாகச் சொன்னாள்.

"தாத்தா, நடக்கிறவங்க கொஞ்சம் வெளி லேன்ல போறீங்களா? உள்ள ஓடறவங்க வராங்க."

இருவரும் நின்றுவிட்டார்கள். டாக்டர் அதற்கு முந்தின நாள்தான் தலைக்குச் சாயம் அடித்திருந்தார்.

"யாரைச் சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார் கிளட்ச் சார்.

"உங்களைத்தான்."

"'நடக்கிறவங்க'ன்னு பன்மையில சொல்லிச்சே."

"அது உங்களுக்குக் குடுத்த மரியாதை சம்பந்தி."

கிளட்ச் சார் முகம் சிவந்தது. டாக்டருக்குக் காது சூடானது. யார் முதலில் காலை எடுத்தார்கள் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. அடுத்த நொடி இருவரும் பாய்ந்துவிட்டார்கள். மகள், மாப்பிள்ளை, ரூட் கெனால் எல்லாம் மறந்துபோயிற்று. வளைவில் டாக்டர் முன்னால் போனார். கிளட்ச் சார் பழக்க தோஷத்தில் வலது கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டு அவரை ஓவர்டேக் செய்தார். நீட்டிய கை மூக்கில் படாமல் டாக்டர் குனிந்தபடியே ஓடினார்.

"ஒதுங்குங்க சம்பந்தி!"

"முடியாது சம்பந்தி!"

பெஞ்சில் ஆரஞ்சுச் சுளை பாதி வாயில் நின்றது. சின்னப் பெண்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். மாப்பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வேண்டாம்ப்பா!" என்று கத்தினான். அவன் அப்பா காதில் அது விழவில்லை.

கோட்டைக் கிளட்ச் சார்தான் முதலில் தாண்டினார், இரண்டடி வித்தியாசத்தில். தாண்டிய வேகத்தில் புல்லில் விழுந்து மல்லாந்தார். டாக்டர் அவர் பக்கத்திலேயே சரிந்தார். கொஞ்ச நேரம் இரண்டு வயிறுகளும் மேலும் கீழும் போய்வந்தன.

"என்ன வேகம் சம்பந்தி உங்களுக்கு!" என்றார் கிளட்ச் சார், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி. "உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடினேன். இன்னும் நாலடி இருந்திருந்தா நீங்க என்னை முழுங்கியிருப்பீங்க."

டாக்டர் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். தோற்றவருக்கு இருக்க வேண்டிய வருத்தத்தை மனதுக்குள் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. வாயில் பஞ்சு இல்லாத ஒரு ஆள், யாரும் கேட்காமலே, அவரை வேகம் என்று சொல்லியிருக்கிறார்.

"எவ்வளவும்மா?" என்று படுத்தபடியே மகளைக் கேட்டார்.

"மாமா இருபத்தஞ்சு நிமிஷம். நீங்க அதுக்கு மேல ஒரு செகண்டு."

இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். "தப்பா இருக்கும்" என்றார் கிளட்ச் சார். "கடைசிச் சுத்து மட்டும் எவ்வளவு?"

"ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி."

இரண்டு தலைகளும் ஒன்றாகச் சேர்ந்தன. விரல்கள் மடங்கின. "நாலால பெருக்குங்க சம்பந்தி." "எட்டுக்கும் உள்ள வருதே!" "வருது இல்ல? நான் அன்னைக்கே சொன்னேனே!"

"அப்போ முதல் மூணு சுத்து?" என்று நூலகரம்மாள் பெஞ்சிலிருந்து கேட்டார்.

"வார்ம்-அப்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தியம்மாள் அவர் கையை அழுத்தி, ஒரு ஆரஞ்சுச் சுளையை வாயில் வைத்துவிட்டார்.

மறுவாரம் மாப்பிள்ளை கிளினிக் நாற்காலியில் நடுங்கிக்கொண்டே படுத்தான். டாக்டர் பூப்போல ஊசி போட்டார். வலித்ததே தெரியவில்லை. கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்களுக்கு ஒரு மைல் ஏழே முக்கால் நிமிஷம் மாப்பிள்ளை" என்றார். "உங்கப்பாவுக்கும் எனக்கும். இந்த வயசுக்கு இது வேகம்தானே?"

"ஆ... ஆ..." என்றான் மாப்பிள்ளை.