பரணில் குடியிருந்த அரசு ஊழியர்

"பரண்ல இருக்கிறவருக்குச் சாப்பாடு நீங்கதான் போடறீங்களா?" என்று மீட்டர் பார்க்க வந்தவர் ஒருமுறை தையல்காரியிடம் கேட்டார். அவள்தான் போட்டாள், சட்டம் அப்படி. ஒட்டுக்கேட்பு இலாகா வீட்டுக்கு ஒருவரை அமர்த்திய ஆண்டில் அவளுக்கு வாய்த்தவர் ஆறடி உயரம். பழைய பாத்திரங்களுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வீட்டில் பேசியதையெல்லாம் மூன்று பிரதி எழுதினார். ஒரு நோட்டு நிரம்பினால் ஒரு நூலளவு உயரம் குறைந்தார். இலாகா அதற்கேற்பச் சின்ன நாற்காலி அனுப்பி வைத்தது.

அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மூன்றாம் ஆண்டு, ஒரு மதியம் சாப்பிடும்போது, "மந்திரி வாயத் தொறந்தாலே பொய்தான்" என்றார். "சார், கடைசி வார்த்தை சரியாக் கேக்கல" என்றது பரண். கணவரோ பிழையோடு ஒரு வரி போவதைப் பொறுக்காத மனிதர். நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார், எழுதியதை வாங்கிப் பார்த்து ஒரு காற்புள்ளியும் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் வேலை போனது. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. கையசைத்து உப்பு கேட்டார்கள், கண்ணை உருட்டிச் சண்டை போட்டார்கள். எழுத ஒன்றுமில்லாததால் பரணில் இருந்தவர் உயரம் குறையவில்லை. கொஞ்சம் சதைகூடப் போட்டார். அந்த அமைதியில் பிறந்த மகள் நான்கு வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "குறை ஒண்ணுமில்லம்மா. காதுல விழுந்தாத்தானே வாயில வரும்" என்றார்.

வீடு திரும்பிய தையல்காரி மெஷினில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். "யோவ், எழுதிக்கோ. என் புருஷன் சொன்னது நிஜம். அடுத்தவன் வீட்டுப் பேச்சக் கேட்டு வயித்தக் கழுவுற, இதெல்லாம் ஒரு பொழப்பா?" காலர், காஜா, மந்திரி, மந்திரியின் மச்சான், தண்ணீர் வராத குழாய் என்று நாள் முழுக்கப் பேசினாள். ஆறாம் நாள் மகள் பரணை அண்ணாந்து பார்த்துத் தன் முதல் சொல்லைச் சொன்னாள்: "யோவ்!" அன்று கணவரும் பேசத் தொடங்கினார். சுவர் வழியே கேட்ட அக்கம்பக்கமும் தத்தம் பரண்களைத் திட்டத் தொடங்கியது. இரண்டே ஆண்டில் தெருவின் ஊழியர்கள் எல்லாரையும் ஒரு பித்தான் டப்பாவில் அடைத்துவிடலாம் என்றானது. பேனா தூக்க ஆளில்லை. நீதிமன்றத்துக்குத் துணிச்சல் அப்போதுதான் வந்தது. நீதிபதி காரணம் பார்த்துக் கையெழுத்திடாமல் எந்த வீட்டிலும் இனி கேட்கக் கூடாது என்று தீர்ப்பானது.

மறுநாள் காலை அவர் தையல்நூலைப் பிடித்துக்கொண்டு பரணிலிருந்து இறங்கினார். கட்டைவிரல் உயரம், கக்கத்தில் நாற்காலி.

"அம்மா, யாரும்மா இது?"

"யாருமில்லடி. அந்தப் பக்கம் கால வைக்காத, மிதிபட்டுடப் போவுது."

கதவைத் திறக்கவும் யாரும் எழவில்லை. அடியிலிருந்த இடுக்கில் குனிந்து அவர் வெளியே போனார்.