ஆறாவது போல்ட்

"புது போல்ட் ஒண்ணு போட்டு முறுக்கிட்டேன்க்கா. கெளம்பலாமா?" என்றான் எலக்ட்ரீஷியன் 'ஷாக்கு'.

ஓடுபாதை நடுவில் பதித்த விளக்கு பளபளத்தது. ஓடுபாதை ஆய்வாளரான அவள் சட்டென்று திரும்பினாள்.

"பழசு எங்கடா?"

"கழட்டினது ஆறு... கையில அஞ்சு. எங்கயாவது உருண்டிருக்கும்."

"எங்கயாவதா? இது ரன்வேடா!"

ரேடியோ கரகரத்தது. கட்டுப்பாட்டு டவரில் அவள் கணவன். "ரன்வே காலியா? எட்டு நிமிஷத்துல ஃப்ளைட் இறங்குது."

"காலி இல்ல. ஒரு போல்ட்டைக் காணோம். மூடுங்க."

டவர் பேச்சு முழுக்கப் பதிவாகும். வீட்டுக் கதைக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் மனுஷன் உளறினான். "அதுல எங்கம்மா வர்றாங்க!"

கல்யாணத்துக்கே வராமல் இரண்டு வருஷம் முறைத்துக்கொண்டிருந்த மாமியார், முதன்முறையாக வீட்டுக்கு வருகிறார். அதுவும் முதல் விமானப் பயணம். அவரை வானத்திலேயே நிறுத்திவைக்கப் போகிறாள் மருமகள்!

ஆனால் விமானம் இறங்கும் வேகத்தில் ஒரு போல்ட் டயரைக் கிழித்தால்? எஞ்சினுக்குள் பாய்ந்தால்?

"யாரோட அம்மா வந்தாலும் மூடியாகணும்."

மறுமுனையில் சுத்தமான உத்தியோகக் குரல்: "ரன்வே மூடப்பட்டது."

தேடல் தொடங்கியது. ஜீப்பில் மேலும் கீழுமாக மூன்று தடவை. பிறகு நடந்து, குனிந்து, தவழாத குறையாக. மேலே மூன்று விமானங்கள் வட்டமடித்தன. மேலாளர் போனில் குதித்தார்.

"உனக்கு வேலை வேணுமா, போல்ட் வேணுமா?"

"ரெண்டும் வேணும் சார்!"

திடீரென்று நின்றாள். கறுத்த தரையில் ஒரு சின்ன வெள்ளைக் கீறல். மூன்று எட்டு தள்ளி இன்னொன்று. அடுத்த மூன்று எட்டில் மூன்றாவது. அளந்து வைத்தாற்போல!

"ஷாக்கு, மூணு எட்டுக்கு ஒரு தடவை தரையைத் தொடுறது எது?"

அவன் விழித்தான். அவள் ஜீப்பை நோக்கி ஓடி, மண்டியிட்டு, பின்சக்கரத்தைத் தடவினாள்.

டயரின் வெட்டுக்குள் கச்சிதமாகச் செருகியிருந்தது போல்ட். ஷாக்குக்கு நிழல் கொடுக்க ஜீப்பை நகர்த்தினாளே, அப்போது ஏறியது! ஓடுபாதைக்குள் நுழையும்போது டயரைப் பார்க்கிறார்கள். உள்ளே வந்தபின் எவன் பார்க்கிறான்?

"அக்கா, நாம தேடினதையே நாம சுமந்துக்கிட்டு..."

"வாயை மூடுடா, அறிக்கையில எழுதித் தொலைக்கணும்!" சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பாதையை இன்னொரு முறை அலசி, வெளியேறி, மைக்கைப் பிடித்தாள். "கிடைச்சாச்சு. ரன்வே காலி." விமானம் பூப்போல இறங்கியது.

வருகைக் கூடத்தில் மாமியார் புயலாக வந்தார். "இருபத்தஞ்சு நிமிஷம் எங்களை மேலயே சுத்த விட்டது யாருடா?"

ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த மகன் கூரையை ஆராய்ந்தான்.

"நான்தான் அத்தை." கிரீஸ் விரலில் போல்ட்டின் நீளத்தைக் காட்டி, மூச்சுவிடாமல் நடந்ததைச் சொன்னாள்.

"இத்தனூண்டா? அதுவும் உன் வண்டியிலயேவா?"

"ஆமாம் அத்தை."

மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எனக்கு ஜன்னல் சீட்டுடி! மூணு சுத்து ஓசியில ஊரையே பாத்தேன். பக்கத்து சீட்டுக்காரன் கண்ணையே தொறக்கல."

மகன் அசடு வழிந்தபடி பெட்டிக்குக் கை நீட்டினான்.

"நீ விடு. பொறுப்பா பாத்துக்கிறவ வாங்கிக்கட்டும்" என்று பெட்டியை மருமகளிடம் நீட்டினார் மாமியார்.