பாம்பு லைற்

எறிகணைச் செல்லுக்குத் தப்பி வந்த ஜீப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. விசுவமடு, 2009 தை மாதத்துப் பிற்பகல். பின் சீற்றில் என் மனைவி சுமித்திரா கிடந்தாள். வாசலில் விழுந்த செல்லின் துண்டு அவள் தொடையைப் பிளந்திருந்தது. சேலையைக் கிழித்து இறுக்கிய கட்டையும் மீறி இரத்தம் சீற்றிலிருந்து கீழே ஒழுகியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள். இல்லையென்றால் இந்த வயல் ஒழுங்கையிலேயே முடிந்துவிடும். இதைச் சொல்ல எனக்கு டொக்டர் தேவையில்லை.

ஓட்டியவன் அவளுடைய தமையன் தங்கராசா. அவன் வேலை செய்த வெளிநாட்டு நிறுவனம் வன்னியை விட்டு வெளியேறியபோது அவனிடம் விட்டுப்போன ஜீப் அது. அவன் மிதிக்க மிதிக்க முன் சில்லு ஒன்று மட்டும் சும்மா சுற்றி, பக்கத்தில் நின்று தள்ளிய என் வாய்க்குள் சேற்றை அடித்தது. மற்றச் சில்லுகள் அசையவில்லை.

"மிதியாதையடா பேயா! இன்னும் தாழுது!"

நான் மெக்கானிக். இந்த வகை ஜீப்பில் ஒரு சில்லு வழுக்கினால், உள்ளே இருக்கும் கொம்பியூட்டர் அதைப் பிறேக் பிடித்து நிறுத்தி, இழுவையை மற்றச் சில்லுகளுக்குக் கொடுக்க வேண்டும். இது கொடுக்கவில்லை. தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். மீற்றர் தட்டில் வழுக்குகிற கார்ப் படம் மஞ்சளாக எரிந்தது. காருக்குப் பின்னால் நெளிந்த கோடுகள் இருப்பதால் நாங்கள் அதைப் பாம்பு லைற் என்போம்.

"இது எப்ப இருந்து எரியுது?"

"மாரி தொடங்கினதில இருந்து. ஓடுதுதானே எண்டு விட்டிட்டன்."

"ஓடுதுதானே! கோதாரி விழுவான், இப்ப ஓட்டு பாப்பம்!"

சில்லுகளின் வேகத்தைக் கொம்பியூட்டருக்குச் சொல்லும் வயர் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். மல்லாந்து படுத்து ஜீப்பின் அடியில் புகுந்தேன். சேற்றை வழித்து ஒவ்வொரு வயராகத் தடவினேன். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது. அப்போதுதான் வயலுக்குள் ஒரு செல் விழுந்தது. மேய்ந்துகொண்டிருந்த மாடு இரண்டாகிப் போனது. அதன் குடலில் ஒரு முழம் என் காலில் வந்து விழுந்தது. உதறிவிட்டுத் தடவினேன். வயர் எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது.

வெளியே வந்து பின்னால் நின்றுகொண்டு கத்தினேன்.

"பிறேக்கை மிதி!"

"மிதிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்!"

சிவப்பு லைற் எரியவில்லை. ஒரு பக்கமும் எரியவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கதவைத் திறந்து அவன் கொலரைப் பிடித்தேன்.

"பிறேக் லைற்றின்ர பியூஸைக் கழட்டினியோ?"

"வண்டு மேல நிக்குதெல்லே மச்சான். இரவில சிவப்பைக் கண்டானெண்டால் அடிப்பான். அதுதான் கழட்டி எறிஞ்சனான்."

ஆமிக்கு வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்தைத்தான் நாங்கள் வண்டு என்போம். வன்னியில் அதற்குப் பயந்து லைற்றை மறைக்காத சாரதி இல்லை. ஆனால் பியூஸைப் பிடுங்கினால், பிறேக்கில் கால் இருக்கிறதா இல்லையா என்று கொம்பியூட்டருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் அது ஒரு சில்லையும் பிடிக்காது.

"பல்பை மட்டும் கழட்டியிருந்தால் காணுமேயடா!" என்று சொல்லி முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது. மறுபடி ஓங்கினேன். அவன் தடுக்கவில்லை. பின்னால் அரைக் கண்ணில் எங்களையே பார்த்துக் கிடந்த தங்கச்சியைத்தான் பார்த்தான். என் கை தானாக இறங்கியது.

பியூஸ் பெட்டியில் அதே அளவில் இருந்தது ஹோர்னின் பியூஸ் மட்டும்தான்.

"கழட்டு மச்சான். என்ர வாய்க்கு ஹோர்ன் எதுக்கு?" என்றான் மூக்கைத் துடைத்தபடி. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் கதைத்தால் மாங்குளத்துக்குக் கேட்கும்.

பியூஸை மாற்றிப் போட்டேன். பின் லைற் இரண்டையும் பல்போடு சேர்த்து ஸ்பானரால் அடித்து நொறுக்கினேன். நான் ஸ்டியரிங்கில் ஏறி எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். பாம்பு அணைந்தது. மெல்ல மிதித்தேன். அடியில் கடகடவென்று பிறேக் பிடித்து விட்டது, சுற்றிய சில்லு நின்றது, மற்றவை கவ்வின. தங்கராசா பின்னாலிருந்து தள்ள, ஜீப் முக்கி முனகிக்கொண்டு மேட்டில் ஏறியது.

மெயின் றோட்டில் ஊரே நடந்துகொண்டிருந்தது. சைக்கிள், உழவு இயந்திரம், தலையில் மூட்டை. ஹோர்ன் இல்லாமல் ஓரடி நகர முடியவில்லை. தங்கராசா ஜீப்புக்கு முன்னால் ஓடினான்.

"விலகுங்கோ! காயக்காரி இருக்கிறா! விலகுங்கோ அம்மா!"

சனம் விலகியது. நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

அடுத்த செல் றோட்டில் விழுந்தது. முன் கண்ணாடி பொடியாகி என் மடியில் கொட்டியது. புகை விலகியபோது தங்கராசாவுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. வாய் மட்டும் இரண்டு தரம் அசைந்து நின்றது. சனம் இரண்டு பக்கமும் றோட்டோர வாய்க்காலுக்குள் பாய்ந்து படுத்திருந்தது. றோட்டு வெறுமையாகக் கிடந்தது.

பிறேக்குக்குப் போன காலை எடுத்தேன். அவனைச் சுற்றிக்கொண்டு ஜீப்பை ஓட்டினேன். பின் சீற்றில் சுமித்திரா மயங்கிக் கிடந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, செத்துக் கிடந்தவன் மேலேயே ஆத்திரம்.

ஆஸ்பத்திரி என்று சொன்ன பள்ளிக்கூடத்தில் சுமித்திராவைப் பாயில் கிடத்தினார்கள். ஒரு டொக்டர் வந்து நரம்பைப் பிடித்துக் கட்டினார். "தப்பீட்டா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, அண்ணைக்குக் கை நீட்டினது சரியில்லை. அவன் வந்த உடனே ஒரு வார்த்தை கதையுங்கோ."

"ஓம்" என்றேன்.