புட்டிப்பாலும் ஒரு மேலான கோட்பாடும்

1

குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் பாசம் எப்படி உண்டாகிறது என்று மனித குலம் இத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொண்ட மர்மத்தை, போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு நான் தீர்த்துவைத்தேன். பசிக்கிறது, பால் வருகிறது, பால் வரும் திசையைப் பார்த்துக் குழந்தை சிரிக்கிறது. மீதியெல்லாம் பெரியவர்களின் சொந்தச் சரக்கு. இதை நிரூபிக்கவே இந்தக் கதை. (கட்டுரையாகத்தான் தொடங்கினேன். கட்டுரை என்றால் ஆதாரம் கேட்பார்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: அந்தப் பிஞ்சு விழிகளில் ஏதோ ஒரு

வேண்டாம். குமட்டுகிறது.

இரண்டாவது: அக்கா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியாக வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடம். விடுப்பை ஒரு நாள்கூட நீட்ட மாட்டார்களாம். அவளுடைய ஐந்து மாத மகள் (நான் மேடம் என்பேன்) அதற்குள் என் கையால் புட்டியில் குடிக்கப் பழக வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவன், கல்லூரி விடுமுறையில் இருக்கும் நான்தான். பழகாவிட்டால் அக்கா வேலையை விட வேண்டியதுதான்.

3

அத்தான் கொடுத்தால் மேடம் குடிக்கிறாள். கொடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். அவள் "ங்கூ" என்பாள். "அப்படியா சொன்னாங்க? நீ என்ன சொன்ன?" என்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு வேறு காத்திருப்பார்.

[வாசகரே, இவர் பொறியாளர். இவர் கட்டிய பாலங்களில் மனிதர்கள் போய்வருகிறார்கள்.]

4

என் முறை. கோட்பாட்டின்படி, முகத்தில் எதையும் காட்டாமல், புட்டியைத் தாங்கும் கம்பிபோல் உட்கார்ந்தேன். மேடம் என்னைப் பார்த்து "ங்கூ" என்றாள். நான் சுவர். இன்னொரு "ங்கூ". சுவர். உதடு பிதுங்கியது. பிறகு வீடே அலறியது. அடுத்த மூன்று நாளும் இதே கூத்து.

"அதே பால்தானேக்கா."

"மூஞ்சியக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டா எவடா குடிப்பா? நானே குடிக்க மாட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இல்லைன்னா வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துடறேன்."

(அடிக்குறிப்பு: அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.)

5

இன்று ஞாயிறு. அக்கா வேண்டுமென்றே வெளியே போயிருக்கிறாள். கைவசம் இரண்டு முடிவுகள்.

அ) மேடம் குடிக்கிறாள், தாய்மாமன் உள்ளம் உருகுகிறது. கேவலம்.

ஆ) குடிக்கவில்லை, அக்கா கடிதம் எழுதுகிறாள், கோட்பாடு மட்டும் தலை நிமிர்ந்து

எது என்பதை வாசகரிடமே விடுகிறேன். உங்களிடம் இல்லை. இவ்வளவு நேரமும் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மடியில் இருப்பவளுக்கு 'அ'வை வாசித்துக் காட்டினேன். பாதிப் புட்டியில் நிறுத்தி, "ங்கூ" என்றாள்.

"உருகறது வேணாமா? சரி, எடுத்துடறேன். வேற எங்க இடிக்குது?"

காத்திருக்கிறேன். யோசித்துத்தான் சொல்வாள்.