கலகம் என்றொரு அட்டை

விளையாட்டு அட்டை போடும் கம்பெனியில் எனக்கு வேலை. புது அட்டைகள் அச்சுக்குப் போகும் முன் வீட்டில் ஆடிப் பார்த்து மதிப்பெண் சொல்ல வேண்டும். இருவர் ஆடும் ஆட்டம் என்பதால் என்னையும் தம்பியையும் சேர்த்தே எடுத்தார்கள். தம்பி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டான். நான் ஆபீசில் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலை போகும். அதைவிட, வாயால் சொல்லிவிட்டால் அவன் போனது நிஜமாகிவிடும் என்று பயம்.

இரண்டு நாற்காலி போட்டு இரண்டு பக்கமும் நானே ஆடினேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்! அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் அவனைப் போலவே ஆடுவேன், யோசிக்காமல், இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கி. அவன் மதிப்பெண்ணையும் நானே சொல்லிவிடுவேன். அதுவரை எந்த அட்டையும் என்னிடம் வாலாட்டவில்லை.

அப்போதுதான் இந்தக் 'கலகம்' வந்தது. இதை இறக்கினால் இருவரும் கையிலிருக்கும் அட்டைகளை அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். 'எதிரொலி' என்ற பழைய அட்டையைச் சேர்த்து இறக்கினால் முறைக்கு முறை மாற்ற வேண்டும். ஆட்டமே அமளிதுமளிப்படும் என்று ஆபீசில் ஒரே குதியாட்டம்.

இறக்கினேன். மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. எந்தக் கையில் என்ன இருக்கிறதென்று எனக்குத்தான் முன்பே தெரியுமே! எழுந்து அந்த நாற்காலிக்குப் போய் மறுபடி மாற்றினேன். அங்கேயும் நான்தான் இருந்தேன். என்ன எழவு அட்டை இது என்று மேசையில் வீசினேன். அழுகை வந்தது.

தம்பிக்குப் போன் போட்டு விதியைப் படித்துக் காட்டினேன்.

"ஐயோ அண்ணே! நீ பொத்திப் பொத்திச் சேத்து வச்சதையெல்லாம் அள்ளிக்கிட்டு உன்னைக் கதற விட்டிருப்பேனே!" விழுந்து விழுந்து சிரித்தான்.

"வாடா, ஒரே ஒரு ஆட்டம்."

"எங்கண்ணே, இங்க வேலை பிழிஞ்சு எடுக்குது. பாப்போம்."

அவனுடைய 'பாப்போம்' எனக்குத் தெரியாதா? சரிடா என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மேனேஜர் மேடம் போனில் கூப்பிட்டார். "கலகத்துக்கு எவ்வளவு சார் போடறீங்க? கம்மின்னா தூக்கிடறேன்."

சைபர் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அந்த அட்டையைச் சாகடிக்க மனசு வரவில்லை.

"நல்ல அட்டை மேடம். எதிர்ல ஒரு ஆள் இருந்தாத்தான் அதோட அருமை தெரியும். எனக்கு ஆள் இல்ல. தம்பி போயி ரொம்ப நாளாச்சு. ரெண்டு பக்கமும் நானேதான் ஆடிக்கிட்டிருந்தேன்."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"அப்ப இத்தனை நாளா யாரு சார் ஜெயிச்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.



"அவன்தான் மேடம்," என்றேன். "எப்பவும் அவன்தான்."