காணாமல் போன பதினெட்டு வோல்ட்

மெழுகுவத்தி வார்க்கப் போட்ட மெழுகு உருக நேரமாகிறது என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தம்பி பேச்சு வரப்போகிறது என்றால் அவருக்கு அப்போதுதான் உலகச் செய்தியெல்லாம் முக்கியமாகப் படும்.

"எல்லாம் உங்க தம்பி கைவரிசை," என்றேன்.

"அவன் என்னடி பண்ணான்?"

"போன வாரம் புது ஹீட்டர் காயில் வாங்கிக் குடுத்து, மெழுகுப் பானையில மாட்டித் தரச் சொன்னேன்ல? அதை அமுக்கிட்டு எதையோ மட்டமா மாட்டிவிட்டிருக்கான்."

"அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். உன் பானை காயில் அவனுக்கு எதுக்கு?"

எதுக்கோ. எனக்கு என்ன தெரியும்? ஒரே வீட்டில் முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் கொழுந்தனும் ஓர்ப்படியும். மெயின் போர்டு இருப்பதோ அவர்கள் பக்கம். என் பானைக்கு வரும் ஒயர் அவர்கள் படுக்கையறைச் சுவர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். யாரும் நடுவில் கொக்கி போட்டுக் கரண்டை உறிஞ்சிவிடக் கூடாதென்று, அந்த ஒயரை மறைத்து மேலே பலகை அடிக்கச் சொன்னதே நான்தான். வீட்டுக்காரர் தச்சர். பலகையை இழைத்து இழைத்து அடித்தார். நடுவில் ஒயர் நீளம் போதாமல் ஒட்டுப் போட்டபோது மட்டும் இரண்டு முறுக்கு முறுக்கி, டேப்பைச் சுற்றி, "போதும்" என்றுவிட்டார்.

அன்று காலையில் ஓர்ப்படி வாசலில் நின்று ஒரு பேச்சுப் பேசினாள். "அக்கா, குட்டிப்பய இப்பல்லாம் அசந்து தூங்குறான். தொட்டிலை அந்தப் பலகையோட ஒட்டிப் போட்டுட்டேன்."

பலகைப் பக்கம் இவளுக்கு என்ன வேலை? எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் கரண்ட் அளக்கும் கை மீட்டரை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன் மோட்டார் கடையில் காயில் சுற்றியவள் நான். என்னிடம் கதை விட முடியாது. புதுக் காயிலில் 1150 வாட் என்று போட்டிருந்தது. வீட்டில் வோல்ட் 230. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஐந்து ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் தடை 46 ஓம். இதுதான் நியாயமான கணக்கு.

பானையைப் போட்டு ஒயரை மீட்டரால் கவ்விப் பார்த்தேன். 4.6 ஆம்பியர். 230-ஐ 4.6-ஆல் வகுத்தால் 50 ஓம். நாலு ஓம் அதிகம்! அடப்பாவி, வேறு காயிலேதான். சாயங்காலம் அவன் வரட்டும், சட்டிபானையைக் கட்டிக்கொண்டு கிளம்பச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன். குழந்தை இருக்கிறதே என்று மனசு ஒரு மூலையில் முனகியது. முனகட்டும்.

நாலு பேர் முன்னால் போட்டு உடைக்க வேண்டுமே என்று பிளக்கைப் பிடுங்கி, காயிலையே நேராக அளந்தேன். 46 ஓம்.

மீட்டரைத் தட்டினேன். மறுபடி அளந்தேன். 46. நான் வாங்கிக் கொடுத்த அதே காயில்.

அப்படியானால் அந்த நாலு ஓம் எங்கே? பிளக் பாயின்ட்டில் வோல்ட் பார்த்தேன், 230 சுளையாக வந்தது. பானை ஓடாதபோது அப்படித்தான் காட்டும் என்று அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. பானையைப் போட்டுக்கொண்டே பார்த்தேன். 212-க்குச் சறுக்கியது. பதினெட்டு வோல்ட்டை வழியில் எதுவோ தின்றுகொண்டிருந்தது. திருட்டுக் கொக்கியா? கொக்கி போட்டால் என் ஆம்பியர் எதற்குக் குறைகிறது? பதினெட்டை 4.6-ஆல் பெருக்கினேன். எண்பது வாட்டுக்கு மேல் ஏதோ ஒரே இடத்தில் சூடாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஒட்டு. பலகைக்குப் பின்னால்.

அசந்து தூங்குறான் என்றாளே!

பிளக்கைப் பிடுங்கிப்போட்டு ஓடினேன். ஓர்ப்படி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொட்டிலை இழுத்தேன். பலகையைத் தொட்ட கையைச் சட்டென எடுத்துவிட்டேன். அப்படிச் சுட்டது.

"என்னக்கா, என்ன ஆச்சு?" என்று பிள்ளையை வாரிக்கொண்டாள்.

"மெயினை அணை. உன் வீட்டுக்காரனுக்குப் போன் போடு."

கொழுந்தன் வந்து பலகையைப் பெயர்த்தான். பின்புறம் கரிந்து கிடந்தது. ஒட்டைச் சுற்றியிருந்த டேப் உருகி வழிந்திருந்தது. தொட்டில் இருந்த இடத்துக்கு நேராக.

"இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா..." என்றான். கரிந்த மரத்தை விரலால் சுரண்டினான். "இதை யாராவது பலகைக்குள்ள மறைப்பாங்களா அண்ணி? வெளிய விட்டிருந்தா நானே பாத்திருப்பேனே."

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் மறைச்சேன். உன்னை நம்பல."

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒயரை வெட்ட ஆரம்பித்தான். என் மேல் கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

குட்டிப்பயல் விழித்துக்கொண்டு வீல் என்று கத்தினான். ஓர்ப்படி தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள், உலாத்திப் பார்த்தாள். கடைசியில் நேராக வந்து என் மடியில் கிடத்தினாள்.

"நீங்களே வச்சுக்கங்கக்கா," என்றாள். "அந்தச் சூட்டுக்குப் பழகிட்டான்."